எந்த வயசுல ஓடுறது

— நாப்பத்தஞ்சு தொடக்கம் நாப்பத்தொன்பது. போன்ல அந்த வயசுப் பிரிவை அமத்து நிஷா. யோசிக்காத, அமத்து.

— மாட்டன் றேணுகா.

— ஏன் மென்? லிஸ்ட்டைப் பார். அந்த வயசுப் பிரிவில பொம்பிளையாக்கள் ரெண்டே ரெண்டு பேர்தான் பதிஞ்சிருக்கிறாங்க. நீ போனா மூண்டு. ஊர்ந்து ஊர்ந்து வந்து சேர்ந்தாலும் உனக்கு மெடல் இருக்கு. மேடையில ஏத்திக் கழுத்தில போடுவாங்க.

— நாப்பதில இருந்து நாப்பத்திநாலு வரைக்கும் எத்தனை பேர்?

— பதினொரு பேர். அதில ரெண்டு பேர் நேவிக்காரிகள். அவளுகள் நீந்தி முடிச்சு, தலை துவட்டி, சோறும் திண்டு முடிக்கேக்கதான் நீ தண்ணிக்குள்ள இருந்து வெளியில வருவாய்.

— பரவாயில்ல. நான் அதிலதான் ஓடுவன்.

— யேசுவே, இவளோட கதைக்க ஏலாது. ரெண்டு வருசத்துக்கு முந்தி இடுப்பளவு தண்ணியில நிக்கப் பயந்தவள் நீ. நான்தான் கையைப் பிடிச்சு நீச்சல் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனன். இப்ப முதல் முதலா ஒரு ட்ரையத்லோன் செய்யப் போறாய். கடல்ல எழுநூத்தம்பது மீட்டர் நீந்தி, சைக்கிள்ல இருபது கிலோமீட்டர் போய், அதுக்குப் பிறகு அஞ்சு கிலோமீட்டர் ஓட வேணும். எங்கட வயசுக்கு அதை முடிச்சாலே பெரிய காரியம். நீ என்னடாண்டா பிரிவுக்குச் சண்டை பிடிக்கிறாய்.

— எங்கட வயசு எண்டு சொல்லாத. உனக்கு நாப்பத்தாறு. எனக்கு நாப்பத்திரண்டு.

— உன்ட ஐசியில, அந்த அடையாள அட்டையில, நாப்பத்தஞ்சு.

— ஐசி பிழை. உனக்குத் தெரியும்தானே.

— எனக்குத் தெரிஞ்சு என்ன செய்ய? ரேஸ் நடத்துற அபிஷனுக்கு எல்லோ தெரிய வேணும். ஐசி நம்பரை அடிச்ச உடனே வருசம் தானா வந்து விழுது, பார். ஆயிரத்தித் தொளாயிரத்தி எண்பது. போன் பொய் சொல்லுமா?

— அபிஷனோட கதைச்சிட்டன். பிறப்புப் பதிவில சரியான திகதி இருந்தா, அந்தக் கொப்பியும் ஒரு சத்தியக் கடதாசியும் அனுப்பினா அவர் கையால மாத்தித் தருவாராம். இண்டைக்கு ஆறு மணி வரைக்கும் டைம் தந்திருக்கிறார்.

— இப்ப நாலேகால்.

— தெரியும்.

— றேணுகா, தேத்தண்ணி ஆறுது புள்ள. எடுத்துக் குடி. பாப்பா, ஒனக்குச் சீனி போடல.

— தாங்ஸ் ஆன்ட்டி. நீங்களே சொல்லுங்க உங்கட மகளுக்கு. தானா வாற மெடலை வேணாம் எண்டு நிக்கிறாள்.

— என்னத்த சொல்ல. நான் பெத்தது, நான் சொன்னா கேக்குமா? இந்த வயசுல கடல்ல எறங்குறேன்னு நிக்கிறா. மூணு பேரு பங்கு போட்டுக்கிட்டு ஓடுறது ஒண்ணு இருக்குன்னு அன்னைக்குச் சொன்னியே, அதுலயாவது போகச் சொல்லு. நீந்துறத வேற யாராச்சும் நீந்தட்டும்.

— ரிலே. அதையும் கேட்டுப் பார்த்தன் ஆன்ட்டி. மூண்டையும் தானேதான் செய்வாளாம். அதுவும் நாப்பதாம் பிரிவிலதானாம்.

— கார்டுல என்னா இருக்கோ அதைப் போட்டுட்டுப் போ பாப்பா. கவர்மெண்டு குடுத்த கார்டு. அதைப் போயி நோண்டிக்கிட்டு என்னத்துக்கு.

— அம்மா, நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது இஸ்கூல்ல விளையாட்டுப் போட்டி நடந்துச்சே, ஞாபகம் இருக்கா?

— எவ்வளவு காலத்துக் கதை. இப்ப என்னத்துக்கு அது?

— றேணுகாவுக்குத் தெரியாது. அவ கேக்கட்டும். றேணுகா, எனக்கு அப்ப பதிமூண்டு வயசு. பிறப்புப் பத்திரத்தில பதினாறு. என்ட வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் பதினஞ்சுக்குக் கீழ ஓடினவங்க. பயிற்சியில அவளுகள் அத்தனை பேரையும் நான் முந்துவன். விளையாட்டு மிஸ் விசிலை வாயில வச்சுக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நிப்பா. போட்டி நடந்த அண்டைக்கு அதே மிஸ் வந்து, நீ பதினேழுக்குக் கீழதான் ஓட வேணும், பத்திரத்தில அப்படித்தான் இருக்கு எண்டு என்னைக் கொண்டு போய் பெரிய அக்காமாரோட நிப்பாட்டினா. அவங்கட இடுப்பு உயரம்தான் நான். கடைசி. அடுத்த வருசமும் கடைசி. ஓ.எல். பரீட்சை எடுத்த வருசம், வயசு கூடிப் போச்செண்டு ஓடவே விடல்ல.

— இதை நீ எனக்குச் சொன்னதே இல்லை மென்.

— யாருக்கும் சொன்னதில்ல. சொல்ல வெக்கம். எனக்கு மெடல் வேணாம் றேணுகா. என்ட வயசுக்காரிகளோட ஒரு தரம் ஓட வேணும். ஒரே ஒரு தரம். கடைசியா வந்தாலும் அது என்ட கடைசி.

— ம்.

— கிளாக்கு செஞ்ச பிழைக்கு நான் என்னா செய்றது? பிரதி எழுதுனவன் பிழையா எழுதிப்புட்டான்னு எத்தனை தரம் சொல்லியிருக்கேன்.

— ஆமாம்மா. பிரதி எழுதுனவன் பிழை. அசல் புத்தகத்துல சரியாத்தான் இருக்கும். அப்படித்தானே சொன்னீங்க?

— ஆமா.

— அதுக்குத்தான் இன்னைக்கு பார்மசில லீவு போட்டுட்டு பிரதேச செயலகத்துக்குப் போனேன். அசல் பதிவுல இருந்து புதுக் கொப்பி ஒண்ணு எடுத்தேன்.

— போனியா?

— போனேன்.

— எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல.

— சொல்லியிருந்தா போக விட்டிருப்பீங்களா? றேணுகா, அந்தச் சோபாவில கிடக்கிற என்வலப்பை எடு. பிரிச்சு, சத்தமா வாசி. சிங்களத்தில எழுதியிருக்கு. பஸ்ஸில வரேக்க நான் வாசிச்சது சரியா எண்டு பார்க்க வேணும்.

— அடுப்புல பருப்பு இருக்கு. நான் போயி...

— அடுப்பு நிப்பாட்டி இருக்கும்மா. உக்காருங்க.

— இதென்ன நிஷா, கோழி கிண்டின மாதிரி எழுத்து. பொறு, கண்ணாடியைப் போடுறன். பெயர், நிஷாந்தினி. பெண். தகப்பன், இராமர். தாய், பாக்கியலெட்சுமி. எல்லாம் சரிதானே. பிறந்த இடம்... ஹட்டன் பக்கம், தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரி. ஹட்டனா? நீ கொழும்பில எல்லோ பிறந்தது? எண்பத்திமூண்டு கலவர நேரம் முகாமில பிறந்தனான் எண்டு சொல்லுவியே.

— மேல வாசி.

— பிறந்த திகதி, எண்பதாம் ஆண்டு பெப்ரவரி பதினொண்டு. அடக் கடவுளே, அப்ப அசல் புத்தகத்திலயும் பிழைதான். ஒரே கிளாக்தான் ரெண்டையும் எழுதியிருப்பான். இது சரிவராது நிஷா.

— கீழ பார். பதிவு செய்த திகதி.

— பதிவு செய்த திகதி... எண்பதாம் ஆண்டு மார்ச் நாலு. ஒப்பமும் இருக்கு, சீலும் இருக்கு.

— அம்மா, நான் எப்ப பொறந்தேன்?

— எண்பத்து மூணு ஆகஸ்ட் மூணு. ஒனக்குத் தெரிஞ்சதுதானே.

— எங்க?

— முகாம்ல. இஸ்கூல் மேசை ரெண்டைச் சேத்துப் போட்டு, அது மேல.

— எண்பத்து மூணுல பொறந்த புள்ளைய எண்பதாம் வருசம் மார்ச் மாசமே எப்படிம்மா பதிஞ்சாங்க? ஒரு கிளாக்கு நாளைப் பிழையா எழுதுவான். மாசத்தப் பிழையா எழுதுவான். நான் பொறக்கிறதுக்கு மூணு வருசம் முந்தியே சீல் குத்துவானா?

— நிஷா, நான் கீழ போய்ப் பாண் வாங்கிக்கொண்டு வாறன்.

— நீ இரு றேணுகா.

— இல்லை மென். இது நான் இருக்கிற கதை இல்லை. போனை மேசையில வச்சிட்டுப் போறன். போர்ம் திறந்தபடியே இருக்கு, பிரிவை மட்டும் அமத்தினாச் சரி. ஆறு மணிக்குப் பூட்டிடுவாங்க. ஆன்ட்டி, தேத்தண்ணி நல்லா இருந்தது. கதவைச் சாத்திட்டுப் போறன்.

— அவ போயிட்டாம்மா. இப்ப நம்ம ரெண்டு பேருதான். இது யாரோட பத்திரம்?

— அந்த ரயிலு போவட்டும்.

— போகட்டும்.

— ...

— போயிருச்சு.

— ஒங்க அக்காவோடது.

— எனக்கு அக்கா இல்ல.

— இருந்தா. நிஷாந்தினின்னு பேரு. தோட்டத்துலதான் பொறந்தா. அவளுக்கு ஒரு வயசு ஆகுறதுக்குள்ள ஒங்கப்பா கொழும்புக்கு வேலைக்கு வந்துட்டாரு. பெறகு நாங்களும் வந்துட்டோம். இதே ரோட்டுலதான், அந்தா அந்த லொட்ஜ் இருக்குல்ல, அந்த எடத்துல அப்ப வரிசையா ரூமு இருந்துச்சு. அதுல ஒண்ணு.

— நாப்பத்திரண்டு வருசமா எனக்கு ஒரு அக்கா இருந்தான்னு நீங்க சொல்லல.

— சொல்லல.

— அப்பாவும் சொல்லல.

— அவரு சொல்லணும்னுதான் சொன்னாரு. நான்தான் சத்தியம் வாங்குனேன்.

— அக்காவுக்கு என்னாச்சு?

— என்னத்த சொல்ல பாப்பா.

— சொல்லுங்கம்மா. இன்னைக்கு விட்டா நீங்க சொல்ல மாட்டீங்க. எனக்கும் கேக்கத் துணிவு வராது.

— கலவரம் தொடங்குன அன்னைக்கு ஒங்கப்பா புறக்கோட்டையில கடையில இருந்தாரு. வீட்டுக்கு வர முடியல. நான் தனியா. நீ வயித்துல, நெறமாசம். காலி ரோட்டுல கடையெல்லாம் எரியிது, பொகை வீட்டுக்குள்ள வருது. பின்வீட்டு சோமாவதி நோனா, சிங்கள அம்மா, எங்க ரெண்டு பேரையும் அவங்க வெறகு வைக்கிற ரூம்ல போட்டுப் பூட்டிட்டாங்க. தேடி வந்தவங்ககிட்ட யாருமில்லன்னு சொன்னாங்க. ரெண்டு நாளு. அக்கா ஒரு தடவை கூட அழல. அழுவக் கூடாதுன்னு சொன்னேன், அழல. மூணு வயசு.

— அப்புறம்?

— மூணாம் நாளு ஆமி லொறி வந்து சந்தியில நின்னுச்சு. தமிழ் ஆளுக எல்லாம் ஏறுங்க, முகாமுக்குப் போவுதுன்னாங்க. நோனா ஒரு கையில என்னையப் புடிச்சு, ஒரு கையில அவளைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி விட்டாங்க. விட்டுட்டு அவங்க நிக்கல, அவங்களுக்கும் பயம். லொறி நல்ல ஒசரம். என் வயிறு இருந்த இருப்புக்கு நான் ஏற முடியாது. ஏணி கொண்டு வாறோம், புள்ளைகள மொதல்ல ஏத்துங்கன்னு ஒருத்தன் கத்துனான். நான் அவளைத் தூக்கி மேல குடுத்தேன். பச்ச சீல கட்டுன ஒரு அம்மா ரெண்டு கையையும் நீட்டி வாங்கி மடியில வச்சுக்கிட்டாங்க. அங்கயும் அழல. என்னையவே பாத்துக்கிட்டு இருந்தா.

— நீங்க ஏறலையா?

— பை கீழ இருந்துச்சு.

— என்ன பை?

— பேப்பர் பை. லொறியில இருந்து பத்தடி தள்ளி, மதில் ஓரமா வச்சிருந்தேன், அவளைத் தூக்கணுமேன்னு. ஒனக்கு இது வெளங்காது பாப்பா. ஒனக்கு ஐசி இருக்கு, பாஸ்போட் இருக்கு. அப்ப எங்களுக்கு ஒண்ணும் இல்ல. தோட்டத்து ஆளுக. இந்தியாவும் எங்களது இல்லன்னுச்சு, இலங்கையும் எங்களது இல்லன்னுச்சு. பிரஜா உரிமைக்கு எழுதிப் போட்ட துண்டு, கல்யாணம் பதிஞ்ச துண்டு, அக்காவோட பொறப்புப் பத்திரம், அவ்வளவுதான் எங்க சொத்து. எது போனாலும் இந்தப் பை போவக் கூடாது பாக்கியம், இது போச்சுன்னா நாம இந்தப் பூமியிலயே இல்லாத மாதிரின்னு ஒங்கப்பா ஒவ்வொரு நாளும் சொல்லுவாரு. எரியிற வீட்டுல இருந்து நான் தாலிக்கொடியத் தேடல, சட்டி பானையத் தேடல. அந்தப் பையத்தான் தூக்கிட்டு வந்தேன்.

— எடுக்கப் போனீங்களா?

— போனேன். பத்தடிதான். வயித்தப் புடிச்சுக்கிட்டுக் குனிஞ்சு எடுத்துட்டு நிமிந்து திரும்புறேன். லொறி போயிருச்சு.

— அம்மா...

— ஓடுனேன். ஓட முடியல. அடுத்த லொறி வந்துச்சு, எல்லாம் ஒரே எடத்துக்குத்தான் போவுது, அழாம ஏறுன்னாங்க. ஏறுனேன். ஒரே எடத்துக்குப் போவல. நான் போன முகாம்ல அவ இல்ல. பச்ச சீலக்காரம்மாவும் இல்ல. எங்கையில புள்ள இல்ல பாப்பா. பை இருந்துச்சு.

— தண்ணி குடிங்க. முதல்ல தண்ணி குடிங்கம்மா.

— வேணாம்.

— குடிங்க.

— ஒங்கப்பா எட்டு நாளைக்குப் பெறகு என்னையத் தேடிக் கண்டுபுடிச்சாரு. நீ பொறந்து ஒரு நாளு. ஒன்னையப் பாக்கல அவரு. பெரியவ எங்கன்னுதான் கேட்டாரு. நான் பையக் காட்டுனேன்.

— தேடலையா?

— தேடாம இருப்பாங்களா? முகாம் முகாமா நடந்தாரு. ஆளுகள கப்பல்ல ஏத்தி வடக்குக்கு அனுப்பிட்டாங்க, அதுல போயிருக்கும்னு ஒருத்தன் சொன்னான். யாழ்ப்பாணம் போனாரு. ரெண்டு தரம் போனாரு. காட்டுறதுக்கு ஒரு போட்டோ கூட இல்ல. மூணு வயசுப் பொம்பளப் புள்ள, எடது கன்னத்துல மச்சம், பேரு கேட்டா நிஷாந்தினின்னு சொல்லும்னு வாசல் வாசலா நின்னு சொன்னாராம். பொலிசுலயும் எழுதி வச்சாரு. பெறகு பாதையும் பூட்டிட்டாங்க, சண்டையும் வந்துருச்சு. எங்க போயித் தேடுறது.

— என்னைய ஏன் பதியல?

— போனோம். எந்த ஆஸ்பத்திரி, துண்டு எங்க, யாரு சாட்சின்னு கேட்டாங்க. இஸ்கூல் மேசையில பொறந்ததுக்கு யாரு துண்டு தருவா? இன்னைக்கு வா, நாளைக்கு வான்னு அலைய விட்டாங்க. தாய் தகப்பனுக்கே உரிமை இல்ல, புள்ளைக்கு என்ன பத்திரம்னு ஒருத்தன் மொகத்துக்கு நேரா கேட்டான். அதுக்குப் பெறகு ஒங்கப்பா போவல. ஒனக்கு அஞ்சு வயசாச்சு. பத்திரம் இல்லாம இஸ்கூல்ல எடுக்க மாட்டோம்னுட்டாங்க. அந்தப் பைக்குள்ள ஒரு பத்திரம் இருந்துச்சு.

— அதை எனக்குப் போட்டீங்க.

— கலவரத்துல படிப்பு பிந்திப் போச்சு, சாப்பாடும் சரியா இல்ல, அதுதான் புள்ள சின்னதாத் தெரியிதுன்னு ஒங்கப்பா சொன்னாரு. பெரிய மிஸ் நம்புனாங்க. அன்னைக்கு ராவு ஒங்கப்பா சாப்பிடல. நானும் சாப்பிடல.

— அப்ப எனக்குன்னு வச்ச பேரு என்ன?

— வைக்கல.

— ஒரு பேரு கூடவா?

— வைக்க மனசு வரல. அவ கெடைக்கட்டும், பெறகு சேத்து வைப்போம்னு இருந்தோம். பாப்பா பாப்பான்னே கூப்புட்டோம்.

— அதுதான் நீங்க என்னைய நிஷாந்தினின்னு ஒரு நாளும் கூப்பிட்டதில்ல. நான் யோசிச்சிருக்கேன் தெரியுமா? எல்லா அம்மாமாரும் கோவம் வந்தா முழுப் பேரைச் சொல்லித்தான் ஏசுவாங்க. எங்கம்மா மட்டும் கோவம் வந்தாலும் பாப்பான்னுதான் சொல்லுறாங்க, எங்கம்மாவுக்கு எம்மேல அவ்வளவு பாசம்னு நெனச்சிருக்கேன்.

— பாசம் இல்லாமயா?

— எனக்குத் தெரியலம்மா. இப்ப எனக்கு ஒண்ணும் தெரியல. சாந்தகுமார் வீட்டு ஆளுங்க என்னையப் பொண்ணு பாக்க வந்தது ஞாபகம் இருக்கா? இதே சோபாவுலதான் இருந்தாங்க. பத்திரத்த வாங்கிப் பாத்துட்டு, பொண்ணு மாப்பிள்ளையவிட ரெண்டு வயசு மூப்பு, சரிவராதுன்னு எந்திரிச்சாங்க. எனக்கு அவரைப் புடிச்சிருந்துச்சு. நீங்களும் பாத்தீங்க, புடிச்சிருந்துச்சுன்னு ஒங்களுக்குத் தெரியும். குசினிக் கதவுக்குப் பின்னாலதான் நின்னீங்க. ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த வெளியில வந்து சொல்லியிருந்தீங்கன்னா.

— வந்துச்சு பாப்பா, வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா இது ஒன்னோட பத்திரம் இல்லன்னு ஊரறியச் சொன்னா, அதைக் கிழிச்சுப் போட்டுருவாங்க. அவ பேரை வெட்டிருவாங்க. அதை எங்கையால செய்ய முடியல.

— என் கல்யாணத்த வெட்ட முடிஞ்சுது.

— ஏசு பாப்பா, ஏசு.

— அழாதீங்க. நான் ஏசல. இல்ல, ஏசுறேன்தான். எனக்கு நெஞ்சு எரியுதும்மா. ஓட விடாம வச்ச அந்த மிஸ்ஸோட எத்தனை வருசம் மனசுக்குள்ள சண்டை போட்டிருக்கேன். அவங்க சரியாத்தான் சொல்லியிருக்காங்க. நான்தான் பொய்.

— நீ பொய் இல்ல. நான் செஞ்சது.

— ஜிந்துப்பிட்டியில வேலுசாமி மாமா சும்மா ஒரு வீடு தாறேன்னப்ப கூட நீங்க இந்த ரோட்ட விட்டு அசையல. கடல் காத்து இல்லாட்டி மூச்சு முட்டும்னு சொன்னீங்க.

— அதுவும்தான்.

— இங்க இருந்துதானே லொறி போச்சு.

— சந்தியில இருந்து.

— கையக் குடுங்க. இங்க பாருங்கம்மா. நாப்பத்திரண்டு வருசம். எத்தனை குண்டு, எத்தனை ஓட்டம், சுனாமி. மூணு வயசுப் புள்ள. அவ இல்லம்மா. ஒங்களுக்கும் அது தெரியும். அந்தப் பச்ச சீலக்காரம்மா நல்லவங்களாத்தான் இருந்திருப்பாங்க. கடைசி வரைக்கும் மடியிலதான் வச்சிருந்திருப்பாங்க. அப்படி நெனச்சுக்குவோம்.

— மணி என்னா பாப்பா?

— அஞ்சே முக்கால். றேணுகாவையும் காணோம். பாண் வாங்கப் போனவ பேக்கரியவே வாங்குறா போல.

— அந்தப் போர்ம்ல இன்னும் ஒண்ணும் போடலையே நீ.

— போடணும். நான் சொல்லட்டுமா என்ன போடப் போறேன்னு? நாப்பத்தஞ்சுதான்.

— வேணாம் பாப்பா. ஒன் வயசுலயே ஓடு. எனக்காக ஒண்ணும் செய்யாத. நான் இனி ஒண்ணும் கேக்க மாட்டேன்.

— ஒங்களுக்காக இல்ல. காலையில இருந்து எனக்கு அந்த மூணு வருசத்து மேலதான் கோவம். என் தலையில யாரோ ஏத்தி வச்ச மூணு வருசம்னு. இப்ப பாத்தா, அது அவ வாழ்ந்த மூணு வருசம். அவ்வளவுதான் அவளுக்குக் கெடச்சுது. அதுக்குப் பெறகு அவளை நாலு வயசாக்குனது நான். அஞ்சாக்குனது நான். ஓ.எல். எழுதுனது, ஓட்டுப் போட்டது, பார்மசில நின்னு கால் வீங்குனது எல்லாம் அவ பேர்லதான். நாப்பத்தஞ்சு வரைக்கும் கொண்டு வந்துட்டேன். இப்ப எனக்கு வேணாம்னு பாதியில எறக்கி விட ஏலாதும்மா.

— பாப்பா...

— அவளுக்காக ஒரு தடவை நான் ஓடுறேன். மூணே பேரு ஓடுற பிரிவுல ஓடி, ஒரு மெடலும் வாங்கிட்டு வாறேன். இனிமே பத்திரத்தைப் பத்தி நமக்குள்ள சண்டை இல்ல. அவ இல்ல, அது இனி என்னோடது. நீங்க குடுத்தீங்க, நான் வாங்கிட்டேன். சரியா? இந்தா, அமத்திட்டேன். பாருங்க. நிஷாந்தினி இராமர், நாப்பத்தஞ்சு தொடக்கம் நாப்பத்தொன்பது.

— அமத்திட்டியா?

— அமத்திட்டேன். இனி மாத்தவும் ஏலாது.

— இந்தப் பேரை வெளியில போடுவாங்களா?

— போடுவாங்க. ஓடி முடிச்ச ஒடனே நெட்ல லிஸ்ட் வரும். பேரு, வயசு, எத்தனையாவது எடம், எல்லாம் இருக்கும். போட்டோவும் போடுவாங்க.

— யாழ்ப்பாணத்துல இருக்கிற ஆளுக கூடப் பாக்கலாமா?

— எங்க இருந்தும் பாக்கலாம். ஏம்மா கேக்குறீங்க?

— கோவிச்சுக்காத பாப்பா. அந்தப் பத்திரத்த நான் ஒனக்குன்னு குடுக்கல. அவ வாற வரைக்கும் நீ பத்திரமா வச்சிருப்பன்னுதான் குடுத்தேன்.